கடலின் பசுமைத் திட்டுகளைச் செயற்கைக்கோள் தரவால் அளப்பது எப்படி

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கரையோரம் ஆழத்து நீர் சத்துகளோடு மேலெழுவதால் தாவர மிதவையுயிரிகள் பெருகுகின்றன. அந்தப் பசுமையைப் பருவக்காற்று நீரோட்டம் கிழக்கே வங்கக் கடலுக்குள் இழுத்துச் செல்கிறது. அது சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகவும் இழையிழையாகவும் கிடக்கும். ஒரு திட்டின் சராசரி அகலத்தை அளக்கும் வழியை இங்கே விளக்குகிறேன்.

2002இல் ஏவப்பட்ட அக்வா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி தந்த குளோரோபில் (தாவரங்களின் பச்சை நிறமி) தரவை நாசாவின் கடல் நிறத் தளத்தில் இலவசமாகப் பெறலாம். மேகமில்லாமல் நிறைவாகத் தெரியும் எட்டு நாள் சராசரிப் படத்தைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வேலைக்கு அது உதவாது என்பது என் உறுதியான கருத்து. விநாடிக்கு 30 செ.மீ. வேகமுள்ள நீரோட்டம் ஒரு திட்டை நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 கி.மீ. நகர்த்துமாதலால், எட்டு நாள்களில் அதன் தடம் 200 கி.மீ.க்கு மேல் தீற்றப்பட்டுவிடும். ஆகவே, மேக ஓட்டைகள் நிறைந்திருந்தாலும், சுமார் 1 கி.மீ. நுணுக்கமுள்ள ஒருநாள் இரண்டாம் நிலைத் தரவையே (நாள்களைச் சேர்த்துச் சராசரி எடுக்காதது) எடுங்கள்.

மேகம், சூரிய ஒளித்தெறிப்பு எனக் குறியிடப்பட்ட புள்ளிகளை முதலில் நீக்குங்கள். நீல, பச்சை ஒளியின் விகிதத்திலிருந்தே குளோரோபில் கணிக்கப்படுவதால், கலங்கலும் ஆழமின்மையும் உள்ள பாக்கு நீரிணைப் பகுதியில் வண்டலும் கடல் அடித்தரையும் பசுமையாகத் தோன்றி ஏமாற்றும், அப்பகுதியையும் விலக்கிவிடுங்கள். குளோரோபில் அளவு பல மடங்கு ஏறி இறங்குவது. மடக்கை எடுக்காவிட்டால் மிகச் செறிந்த சில புள்ளிகளே முடிவைத் தீர்மானித்துவிடும்.

அடுத்தது வேரியோகிராம், அதாவது தொலைவு கூடக்கூடப் புள்ளிகளின் மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வளைகோடு. குறிப்பிட்ட தொலைவில் அமைந்த புள்ளி இணைகள் அனைத்தையும் எடுத்து, அவற்றின் மடக்கை மதிப்புகளின் வேறுபாட்டை வர்க்கப்படுத்திச் சராசரியின் பாதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தொலைவைக் கூட்டிக்கொண்டே போங்கள். வளைகோடு ஏறிச் சமநிலைக்கு வரும் தொலைவே திட்டின் அளவைச் சுட்டுகிறது. அது நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், கரையிலிருந்து ஆழ்கடல்வரை குளோரோபில் அளவில் ஒரே சீரான சரிவு இருக்கிறது என்று பொருள். அச்சரிவைக் கழித்துவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள். இதற்கு மாற்றான, தரவை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே முறைக்கு ஓட்டையில்லாத முழுமையான கட்டம் வேண்டும். அதற்காக மேக ஓட்டைகளை இட்டு நிரப்பினால் கடலில் இல்லாத வழவழப்பை நாமே உண்டாக்கிவிடுவோம்.

அதே நாளின் கடற்பரப்பு வெப்பநிலைக்கும் இக்கணக்கைச் செய்யுங்கள். இரண்டின் அளவும் ஒத்துவந்தால் திட்டுகளை வடித்தது பெரும்பாலும் நீரின் கலக்கலே. குளோரோபில் திட்டு சிறிதாக இருந்தால் உயிர்களின் பெருக்கமும் மேய்ச்சலும் அதில் பங்கேற்றிருக்கக்கூடும். எப்படியாயினும் செயற்கைக்கோள் காண்பது மேல்நீரை மட்டுமே. ஆழத்தில் தங்கும் பசுமை இந்த அளவில் சேராது.