பிபிஎஸ்ஸிலிருந்து மெயில்: ஃபிடோநெட் முகவரி எழுதுவது எப்படி?

1:105/345. இப்படி ஒன்றை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ பின்னக் கணக்கு என்றுதான் நினைத்தேன். பழைய கணினிகளை நோண்டும் ஆசையில் 1990 வாக்கில் வந்த கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பலரும் தங்கள் பெயருக்குக் கீழே இப்படி ஓர் எண்ணைப் போட்டிருந்தார்கள். அது அவர்களுடைய மெயில் முகவரி என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆக வேண்டாம்.

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். வருடம் 1990, ஊர் சான்பிரான்சிஸ்கோ. வீட்டில் இணையம் கிடையாது. ஒரு கணினி, 2400 பாட் மோடம், ஒரு தொலைபேசி லைன், அவ்வளவுதான். அதே ஊரில் ஒருவர் தன் வீட்டுக் கணினியில் பிபிஎஸ் நடத்துகிறார். அதாவது, மற்றவர்கள் மோடம் மூலம் அழைத்துச் செய்தி எழுதவும் படிக்கவும் ஒரு தகவல் பலகை. இப்படிப்பட்ட பிபிஎஸ்களைத் தொலைபேசி வழியாக இணைத்த வலைதான் ஃபிடோநெட். அவருடைய பிபிஎஸ் வழியாக போர்ட்லாண்டில் இருக்கும் நண்பருக்கு ஒரு மெயில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் இன்னொருவருக்கு ஒரு மெயில் போட வேண்டும். (முகவரிகளில் எழுத்து வரும் இடங்களை இங்கே தமிழில் தருகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்துதான். பெயர்களும் நோட் எண்களும், அதாவது பிபிஎஸ்களின் எண்களும், உதாரணத்துக்காக.)

படி 1: உள்ளே போவது

மோடம் மென்பொருளைத் திறந்து ஏடிடிடி என்று தட்டி, பக்கத்திலேயே பிபிஎஸ்ஸின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். ஏடி என்றால் 'மோடமே, கவனி', அடுத்த டி 'டயல் செய்', கடைசி டி 'டோன் முறையில்'. கீச்சுச் சத்தம் அடங்கியதும் பெயர் கேட்கும். புனைபெயர் வேண்டாம். ஃபிடோநெட்டில் மெயில் போகவும் வரவும் உண்மைப் பெயர்தான் வழக்கம்.

படி 2: சரியான பகுதி

பிபிஎஸ்ஸுக்குள் எழுதும் இடம் மூன்று வகை. அந்த பிபிஎஸ்ஸுக்குள்ளேயே தங்கிவிடும் உள்ளூர்ச் செய்தி, எல்லா ஊருக்கும் நகல் போகும் எக்கோமெயில், ஒருவருக்கு மட்டும் போகும் நெட்மெயில். நமக்கு வேண்டியது நெட்மெயில். சொந்தக் கதையை எக்கோமெயிலில் எழுதிவிட்டால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும்.

நெட்மெயில் மெனு திறக்கவில்லை என்றால் சிஸாப்பிடம், அதாவது பிபிஎஸ் நடத்துபவரிடம், கேளுங்கள். வெளியூருக்கு மெயிலைக் கொண்டுபோகும் எஸ்டிடி அழைப்புக்கு அவர் கைக்காசு போகிறது. அதனால் பலர் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் அனுமதிப்பார்கள். நியாயம்தானே.

படி 3: முகவரியைப் படிப்பது

1984-இல் டாம் ஜென்னிங்ஸ் இந்த வலையைத் தொடங்கியபோது ஒவ்வொரு பிபிஎஸ்ஸுக்கும் ஒரே ஓர் எண்தான். ஊருக்கு ஊர் பிபிஎஸ் முளைத்ததும் ஒற்றை எண்களை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. 1985-இல் முன்னால் ஒரு நெட் எண் சேர்ந்தது. கண்டம் தாண்டியபோது அதற்கும் முன்னால் மண்டல எண் வந்தது. ஆக, 1:105/345 என்பதில் 1 வட அமெரிக்க மண்டலம், 105 போர்ட்லாண்ட் வட்டார நெட், 345 அங்கே உள்ள ஒரு பிபிஎஸ். ஐரோப்பா என்றால் தொடக்கம் 2.

நம் ஊர் நிலப் பத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். மாவட்டம், வட்டம், கிராமம் என்று இறங்கி, கடைசியில்தான் ஆளின் பெயர் வரும். ஃபிடோ முகவரி அதே வரிசை. பெரியதிலிருந்து சிறியதுக்கு.

சில முகவரிகளில் 1:105/345.4 என்று புள்ளி வைத்து இன்னோர் எண் இருக்கும். அந்த பிபிஎஸ்ஸிடமிருந்து மெயிலை மொத்தமாகத் தன் கணினிக்கு இறக்கிப் படிக்கும் ஆள் அவர். பெயர் பாயின்ட். புள்ளி இல்லையென்றால் நீங்களும் போட வேண்டாம்.

போர்ட்லாண்ட் நண்பருக்கு எழுத இவ்வளவு போதும். பெறுநர் இடத்தில் ஜான் ஸ்மித், முகவரி இடத்தில் 1:105/345. பெயரில் எழுத்துப் பிழை கூடாது. மெயில் சரியான பிபிஎஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தாலும், அவர் பெயரில் இல்லாததால் அவர் கண்ணில் படாமல் கிடக்கும்.

படி 4: இணையத்தில் இருப்பவருக்கு

வழுக்குகிற இடம் இதுதான், நிதானமாக வாருங்கள்.

பல்கலைக்கழக நண்பரின் முகவரியில் @ இருக்கிறது. அதைப் பெறுநர் இடத்தில் தட்டினால் என்ன? ஃபிடோ மெயிலில் பெறுநர் பெயருக்கு ஒதுக்கிய இடம் 36 பைட். முடிவுக் குறிக்கு ஒன்று போக 35 எழுத்து. இணைய முகவரிகள் சில அதற்குள் அடங்காது. யூனிக்ஸ் கணினிகளுக்கு இடையில் போகும் யூயூசிபி முகவரி இன்னும் மோசம். எந்தெந்தக் கணினி வழியாகப் போக வேண்டும் என்பதையே ஆச்சரியக்குறி போட்டு வரிசையாக எழுத வேண்டும்.

எனவே மெயிலை முதலில் கேட்வே ஒன்றுக்கு அனுப்புகிறோம். இரண்டு வலையிலும் கால் வைத்திருக்கும் கணினி அது. எங்கே இருக்கிறது என்பதை சிஸாப் சொல்வார். இல்லையென்றால் நோட் லிஸ்ட்டில், அதாவது ஃபிடோநெட் பிபிஎஸ்களின் பட்டியலில், ஜியூயூசிபி என்ற குறி உள்ள வரியைத் தேடுங்கள். அப்புறம் இப்படி நிரப்புங்கள்:

பெறுநர்: யூயூசிபி
முகவரி: கேட்வேயின் எண், உதாரணமாக 1:125/678

பிறகு, கடிதத்தின் முதல் வரியிலேயே:

டு: மேரி@சிஎஸ்.பல்கலை.ஈடியு

அடுத்து ஒரு வெற்று வரி. அதன் பிறகு கடிதம்.

பெறுநர் இடத்தில் மேரியின் பெயரே இல்லையே என்று தயங்காதீர்கள். பொட்டலத்துக்குள் இன்னொரு பொட்டலம் மாதிரி இது. கேட்வே வெளிப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே முதல் வரியைப் படித்து, அந்த முகவரிக்கு அனுப்புகிறது. அதனால்தான் 'அன்புள்ள மேரி' என்று முதல் வரியில் எழுதினால் மெயில் போகாது. வெற்று வரியையும் விட்டுவிடாதீர்கள். முகவரி எங்கே முடிகிறது, கடிதம் எங்கே தொடங்குகிறது என்று அதை வைத்துத்தான் அதற்குத் தெரியும்.

மேரியிடம் கணக்கு இருப்பது கம்ப்யூசர்வ் என்ற கட்டணச் சேவையில் என்றால் ஒரு சின்ன மாற்றம். அங்கே ஆட்களுக்கு 71234,567 போன்ற எண்தான் பெயர். இணைய முகவரியில் காற்புள்ளிக்கு வேலை வேறு, அதனால் அதைப் புள்ளியாக்க வேண்டும்: 71234.567@கம்ப்யூசர்வ்.காம். அந்த எண்களில் 8, 9 வரவே வராது. 0 முதல் 7 வரை மட்டும் வரும் எட்டடிமான எண்கள் அவை. யாராவது 8 உள்ள எண்ணைத் தந்தால் தவறாகக் குறித்துவிட்டார் என்று அர்த்தம்.

படி 5: பதில் வர வழி சொல்வது

உங்கள் பெயர் ரவி குமார், உங்கள் பிபிஎஸ் 1:125/222 என்றால், மேரி உங்களுக்கு எழுத வேண்டிய முகவரி இது:

ரவி.குமார்@எஃப்222.என்125.இசட்1.ஃபிடோநெட்.ஆர்க்

பத்திரத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கடித உறை ஆக்கியாயிற்று. ஆளின் பெயர் முதலில், பிறகு பிபிஎஸ் எண் (எஃப்), நெட் (என்), மண்டலம் (இசட்). பாயின்ட் இருந்தால் எஃப்-க்கு முன்னால் பி4 போல ஒன்று சேரும். பெயருக்கு நடுவில் இடைவெளி கூடாது, புள்ளி வைக்க வேண்டும். கடிதத்தின் அடியில் இதை முழுதாக எழுதிவிடுவது நல்லது. எண்ணை மட்டும் கொடுத்தால் மேரியும் பின்னக் கணக்கு என்றுதான் நினைப்பார்.

படி 6: காத்திருப்பது

அனுப்பு என்று அழுத்தியதும் எதுவும் நகராது. மண்டலம் 1-க்கு மெயில் நேரம் கிரீன்விச் கணக்கில் காலை 9 முதல் 10 வரை. சான்பிரான்சிஸ்கோவில் குளிர்காலத்தில் அது நள்ளிரவு தாண்டி 1 முதல் 2 மணி. அப்போது பிபிஎஸ்கள் மனிதர்களை உள்ளே விடாமல், ஒன்றையொன்று அழைத்து மெயிலைக் கைமாற்றிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் டயல் செய்யாமல் இருங்கள். உங்கள் அழைப்பு லைனைப் பிடித்துக்கொண்டால் மேரிக்கான கடிதமே வெளியே போக வழியில்லாமல் நிற்கக்கூடும்.