செலானைக் கட்டுவதா, மறுப்பதா: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் போக்குவரத்து விதிமீறலுக்கான அபராதம் இப்போது பெரும்பாலும் கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியாகவே நம்மை வந்தடைகிறது. சாலையோரத்தில் காவல் அதிகாரி நிறுத்திக் கைக்கருவியில் பதிவு செய்த செலானாக இருந்தாலும், சந்திப்பில் உள்ள கேமரா எண்பலகையைப் படித்துத் தானாக உருவாக்கிய செலானாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது தீர்ப்பு அன்று, குற்றச்சாட்டு மட்டுமே. அதை ஒப்புக்கொண்டு இணக்கக் கட்டணம், அதாவது வழக்கு நடத்தாமலே முடித்துக்கொள்வதற்கான தொகை, செலுத்தி முடித்துக்கொள்ளலாம். மறுத்து நீதிமன்றத்தில் வாதிடலாம். ஆனால் பெரும்பாலோர் பயத்தில் உடனே கட்டிவிடுகிறார்கள், அல்லது எரிச்சலில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எந்த வழியில் செல்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை செலானில் எழுதப்பட்டிருக்கும் விவரங்களும், அவற்றைப் பொய்யென்று காட்ட நம் கையில் இருக்கும் ஆதாரமுமே தவிர, தொகையின் அளவோ நம் கோபத்தின் அளவோ அல்ல.

முதல் தவறு செலானைப் படிப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. உங்கள் வாகனத்தின் பெயரில் செலான் பதிவாகியுள்ளது என்ற செய்தியோடு வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்து, வங்கிக் கணக்கில் இருந்த பணத்தை இழந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அரசு எந்தச் செலானையும் செயலிக் கோப்பாக அனுப்புவதில்லை. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாகன் இ-செலான் தளத்துக்கு நாமே சென்று, வாகன எண்ணை இட்டுத் தேடுவதுதான் பாதுகாப்பு; தளத்தின் முகவரி அரசுத் தளங்களுக்கே உரிய ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் சிறிதும் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

செலான் உண்மையானதுதான் என்று உறுதியான பிறகு, பலரும் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பிரிவு எண்ணைப் பார்க்காமல் விடுகிறார்கள். ஆயிரம் ரூபாய் என்ற ஒரே தொகை வெவ்வேறு பிரிவுகளின் கீழ் வெவ்வேறு விளைவுகளோடு வரக்கூடும். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி, இருக்கைப் பட்டை அணியாததற்கு 194-பி பிரிவில் அபராதம் 1,000 ரூபாய். தலைக்கவசம் அணியாததற்கு 194-டி பிரிவிலும் அதே 1,000 ரூபாய்தான். ஆனால் அந்தப் பிரிவு மூன்று மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பையும் சேர்த்தே சொல்கிறது. இருசக்கர வாகனத்தில் மூவர் செல்வதற்கான 194-சி பிரிவும் அப்படியே. திருத்தப்பட்ட கட்டணங்களைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் அறிவித்ததற்கு முன்பு தலைக்கவசத்துக்கு நூறு ரூபாய்தான் வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பழக்கத்தில் இன்றும் இதைச் சில்லறை விவகாரமாக நினைப்பவர்கள் உண்டு.

பணத்தைக் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கைதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு, இணக்கக் கட்டணம் செலுத்தப்பட்ட குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு நடத்தக் கூடாது என்கிறது. அந்த அளவில் நம்பிக்கை சரிதான். ஆனால் 2019 திருத்தம் அதே பிரிவில் சில வரம்புரைகளை, அதாவது விதியின் பலனுக்கு எல்லை வகுக்கும் நிபந்தனைகளை, சேர்த்தது. அவற்றின்படி, கட்டணம் செலுத்தி முடித்துக்கொண்ட குற்றமும், அடுத்த முறை அதே குற்றம் பதிவாகும்போது அது இரண்டாவது குற்றமா என்று கணக்கிடுவதற்குக் குற்றமாகவே எடுத்துக்கொள்ளப்படும். காப்பீடு இல்லாத வாகனத்தை ஓட்டியதற்கு முதல் முறை 2,000 ரூபாய் என்றால் மறுமுறை 4,000. பொதுவான விதிமீறல்களுக்கான 177-ஆவது பிரிவில் 500 ரூபாய் 1,500 ஆகிறது. ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவது மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் நிகழ்ந்தால் சட்டம் 10,000 ரூபாய் அபராதத்துக்கு இடமளிக்கிறது. செய்யாத குற்றத்துக்கு, தொல்லை விட்டால் போதும் என்று 500 ரூபாய் கட்டியவர், மறுமுறை உண்மையாகவே தவறும்போது பழைய குற்றவாளியாக வந்து நிற்கிறார்.

இன்னொரு வரம்புரை உரிமத்தைப் பற்றியது. மிகை வேகம், ஆபத்தான ஓட்டுதல், தலைக்கவசம் அணியாமை, அவசர ஊர்திக்கு வழிவிடாமை போன்ற சில குற்றங்களில், காவல் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றி, தகுதியிழப்பு நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப 206-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு வழிசெய்கிறது. இணக்கக் கட்டணம் செலுத்தியது இந்த நடவடிக்கையிலிருந்து விடுதலை தராது. ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அபராதத்தைவிட இதுவே பெரிய அடி. வாடகைக் கார் ஓட்டுபவருக்கு மூன்று மாதம் உரிமம் இல்லை என்றால் மூன்று மாதம் வருமானம் இல்லை. உரிமத்தை நிறுத்திவைப்பதற்கு முன் உரிமதாரரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 19-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வரும் விளக்கக் கடிதத்தை, பணம்தான் கட்டியாயிற்றே என்று எடுத்து வைத்துவிடாமல், குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

மறுப்பது என்று முடிவு செய்பவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. சட்டம் ஏற்காத காரணங்களை வைத்துக்கொண்டு அவர்கள் நீதிமன்றம் போகிறார்கள். தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டும்தான், பின்னால் அமர்ந்திருப்பவருக்குக் கிடையாது என்பது அவற்றுள் ஒன்று. 129-ஆவது பிரிவு இருவருக்கும் பொதுவானது, நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் பொருந்தும். அறுபதைத் தாண்டவில்லை என்பது மற்றொன்று. சென்னையில் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வேக வரம்பு கார்களுக்குத்தான் மணிக்கு 60 கிலோமீட்டர். இருசக்கர வாகனங்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30. அப்படியிருக்க, இருசக்கர வாகனத்தில் 58-இல் சென்றதாக வந்த செலானை இந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பது குற்றத்தை நாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். எனக்கு முன்னால் நாலு பேர் போனார்கள், அவர்களை ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வியில் நியாயம் இருக்கலாம், ஆனால் எந்த மாஜிஸ்திரேட்டும் அதை எதிர்வாதமாக ஏற்கமாட்டார்.

உண்மையான எதிர்வாதங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டும் விவரங்களில் இருக்கின்றன. கேமரா ஓர் எழுத்தை வேறாகப் படித்திருக்கலாம். கைக்கருவியில் எண்ணைத் தட்டச்சு செய்தவர் ஓர் இலக்கத்தை மாற்றியிருக்கலாம். நம் எண்ணையே வேறொருவர் தம் வண்டியில் போலியாக எழுதி ஓட்டிக்கொண்டிருக்கலாம். படத்தில் இருப்பது சிவப்பு ஸ்கூட்டர், நம்முடையது கறுப்பு மோட்டார் சைக்கிள் என்றால், நீதிமன்றம் வரை போக வேண்டியதே இல்லை. பதிவுச் சான்றின் நகல், வாகனத்தின் படம், செலானில் உள்ள படம் ஆகியவற்றை இணைத்து, செலான் தளத்தின் புகார்ப் பகுதியிலும் செலானை வழங்கிய போக்குவரத்துக் காவல் பிரிவிலும் முறையிட்டால் அதை நீக்க வழியுண்டு. போலி எண் என்ற ஐயம் இருந்தால் காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது பெற்றுவிட வேண்டும், ஏனென்றால் அந்த வண்டி அடுத்து ஒரு விபத்தில் சிக்கினால் தேடி வருவது நம் வீட்டைத்தான்.

கேமரா வழியாக வரும் செலான்களுக்கென்று தனி விதிகள் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167-ஏ விதி, மின்னணுக் கண்காணிப்புக் கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், கண்காணிப்பு நடக்கும் பகுதியில் அதை அறிவிக்கும் பலகை இருக்க வேண்டும், விதிமீறலையும் எண்பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், கருவியின் அளவீடு, நாள், நேரம், இடம், பொருந்தும் பிரிவு ஆகியவை செலானில் இடம்பெற வேண்டும் என்று கூறியது. அண்ணா நகரில் நிறுவப்பட்டுள்ளவை போன்ற கேமராக்கள் அனுப்பும் செலானை மறுக்க நினைப்பவர் இந்தப் பட்டியலோடு அதை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படமே இல்லாத செலானும், இடம் என்ற கட்டத்தில் வெறும் ‘சென்னை’ என்று மட்டும் இருக்கும் செலானும் கேள்விக்கு இடம் தருபவை.

ஆதாரத்தைத் தாமதமாகத் தேடுவதும் பெரிய இழப்பு. குறிப்பிட்ட நேரத்தில் வாகனம் வேறு ஊரில் இருந்ததைச் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவு காட்டும். வாகன நிறுத்தச் சீட்டும் பணிமனை ரசீதும் காட்டும். அடுக்ககத்தின் சிசிடிவி பதிவும் காட்டும், ஆனால் பல இடங்களில் அது சில வாரங்களுக்குள் அழிந்துவிடும். செலான் வந்த அன்றே இவற்றைச் சேகரித்து வைப்பவருக்கு, மறுப்பதா வேண்டாமா என்ற முடிவைப் பிறகு நிதானமாக எடுக்க நேரம் இருக்கும்.

விற்ற வண்டிக்கு வரும் செலான் தனிக் கதை. பணத்தை வாங்கிக்கொண்டு, உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததும் பொறுப்பு நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பதுதான் சட்டத்தின் வரையறை. 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பைத் தீர்மானிக்கும்போது, அதையே உறுதிப்படுத்தியது. மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ஆவது பிரிவு. தெரிவித்ததற்கான சான்று இல்லாமல் மறுப்பது மிகக் கடினம்.

வண்டியை ஓட்டியது வேறொருவர் என்றால், நான் ஓட்டவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. கேட்கும்போது ஓட்டுநரின் பெயரையும் உரிம விவரத்தையும் தருவது உரிமையாளரின் கடமை என்று 133-ஆவது பிரிவு சொல்கிறது. ஓட்டியவர் பதினெட்டு வயது நிரம்பாத மகன் என்றால் நிலைமை முற்றிலும் வேறு: 199-ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வாகனப் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். இத்தகைய வழக்கில் வழக்கறிஞர் இல்லாமல் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கக் கூடாது.

இப்போதைக்குக் கட்டிவிட்டுப் பிறகு வாதாடிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று எண்ணுவது வீண். கட்டிய கணமே வழக்கு முடிந்துவிடுவதால் வாதாட இடமே இருக்காது. மறுப்பதாக இருந்தால் கட்டாமல், செலானில் குறித்துள்ள காலக்கெடுவுக்குள் மறுக்க வேண்டும். கட்டாத செலான் இணையவழியில் இயங்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தால், அதன் தளத்தில் வாகன எண்ணைக் கொண்டோ செலான் எண்ணைக் கொண்டோ தேடி, விதிக்கப்பட்ட அபராதத்தைச் செலுத்துவது, வழக்கை எதிர்கொள்வது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு அந்தப் பகுதிக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அழைப்பாணை வந்த நாளில் நேரில் நிற்க வேண்டும். 500 ரூபாய் அபராதத்துக்காக வேலைநாட்களை இழக்க நேரிடும் என்பதை முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோற்றால் நீதிமன்றம் இணக்கக் கட்டணத்தை மட்டுமே விதிக்கும் என்ற உறுதியும் இல்லை, அந்தப் பிரிவின் உச்ச வரம்பு வரை போகலாம். வழக்கறிஞரை அமர்த்த இயலாத பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தேசிய உதவி எண் 15100.

ஆறு மாதம் கடந்தால் செலான் தானாகக் காலாவதியாகிவிடும் என்ற பேச்சு பாதி உண்மை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களில் நீதிமன்றத்தை அணுக ஆறு மாத வரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் காவல் துறை அந்தக் காலத்துக்குள் வழக்கைத் தாக்கல் செய்திருந்தால், தாமதம் நம்மைக் காப்பாற்றாது. அது தாக்கலானதா என்று பார்க்காமல் காத்திருப்பவருக்கு, வண்டியை விற்கப் போகும்போதுதான் நிலுவையில் உள்ள செலான்களின் பட்டியல் கண்ணில் படும்.

மது அருந்தி ஓட்டியதாகப் பதிவாகும் 185-ஆவது பிரிவு வழக்கை மேற்சொன்ன எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமைத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இணக்கக் கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 200-ஆவது பிரிவு இதைச் சேர்க்கவில்லை. கருவி காட்டிய அளவின் அச்சுச் சீட்டை அங்கேயே படித்துப் பார்த்து, பெயர், நேரம், அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நீதிமன்றத் தேதிக்கு முன் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.