ரோமுக்குப் போகிறீர்களா? காலி பாட்டில் ஒன்று போதும்

கோடையில் ரோம் நகரைச் சுற்றுபவர்கள் தண்ணீர் பாட்டிலுக்கே நிறையச் செலவழித்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. தெருவோரங்களில் இடுப்பளவு உயரத்தில் வார்ப்பிரும்புக் குழாய்கள் நிற்கும். பெயர் 'நசோனே', அதாவது பெரிய மூக்கு. வளைந்த குழாயைப் பார்த்தாலே பெயர்க் காரணம் புரிந்துவிடும். 1870களில் வைக்கத் தொடங்கியவை, தண்ணீர் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். தாராளமாகக் குடிக்கலாம், நல்ல குளிர்ச்சி.

குனிந்து முகத்தை நனைத்துக்கொள்ள வேண்டாம். குழாயின் வாயை விரலால் அடைத்துப் பிடியுங்கள். மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சும். வாயை நேராக அதில் வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை சட்டை நனையும், அது வேறு விஷயம்!

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் முன்னால் உள்ள சதுக்கத்தில் பழைய மாதிரிக் குழாய் ஒன்று இருக்கிறது, பாட்டிலை அங்கே நிரப்பிக்கொண்டு உள்ளே போங்கள். 2023 முதல் அதற்கு டிக்கெட் உண்டு. சுமார் 1900 ஆண்டுகளாக நிற்கும் கான்கிரீட் குவிமாடம், குறுக்களவு 43 மீட்டர், உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. உச்சியில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயே பெய்யும், அதனால் தரையில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். தேடிப் பாருங்கள், பலர் அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

அங்கிருந்து திரேவி நீரூற்று பொடிநடை தூரம். அதற்குத் தண்ணீர் தருவது கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய கால்வாயின் வழிதான். வழக்கப்படி நீரூற்றில் காசு போடுங்கள், காலை மட்டும் நனைக்காதீர்கள். அபராதம் உண்டு. அப்புறம், நகரின் இன்னொரு பிரபல இடமான ஸ்பானியப் படிக்கட்டில் களைப்பாக இருக்கிறதே என்று உட்கார்ந்தாலும் அபராதம்தான்.