தாண்டிக்குடிப் பகுதியின் கல்திட்டைகளைக் காண ஒரு பகற்பொழுது

கீழ்ப்பழனி மலையின் பெருங்கற்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகளை, அதாவது இறந்தோருக்காகக் கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்து அமைத்த அறைகளைக் காண விரும்புவோர், ஒரே நாளில் பல ஊர்களைச் சுற்றிவரத் திட்டமிடாமல், தாண்டிக்குடியை அடுத்த ஏதேனும் ஒரு தொகுதியை மட்டும் தேர்ந்துகொண்டு அங்கே இரண்டு மூன்று மணி நேரம் செலவிடுவது நல்லது. எண்ணிக்கைக்காக ஓடுபவருக்கு எல்லாத் திட்டைகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, பெரும்பாறை வழியாகவும், கொடைக்கானல் பக்கமிருந்து பண்ணைக்காடு வழியாகவும் தாண்டிக்குடியை அடையலாம். பேருந்துகள் அடிக்கடி இல்லாததால், திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை முதல் பங்குனி வரையிலான காலமே ஏற்றது. அப்போது புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், அட்டைத் தொல்லையும் குறைந்திருக்கும்.

பல சின்னங்கள் காப்பித் தோட்டங்களுக்குள்ளும் பட்டா நிலங்களிலும் இருப்பதால், உரியவரிடம் சொல்லிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் இருப்பவற்றுக்கு வனத்துறையின் அனுமதி தேவை. தோட்ட வேலை செய்யும் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, அவருடைய ஒரு நாள் கூலியைக் கொடுப்பதுதான் முறை. அவரிடம் தொல்லியல் கலைச்சொற்களைச் சொல்வதைவிட, பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று கேட்டால் உடனே வழி கிடைக்கும். குள்ளர்கள் அதில் குடியிருந்தார்கள் என்ற கதையையும் அவர் சொல்லக்கூடும். கேட்டுக்கொள்ளுங்கள், மறுத்து வாதாட வேண்டியதில்லை. காட்டுமாடு எதிர்ப்பட்டால் படமெடுக்க நெருங்காமல், அவர் காட்டும் பக்கம் விலகிவிடுங்கள்.

இடத்தை அடைந்ததும் உடனே அறைக்குள் எட்டிப் பார்க்காமல், முதலில் காலடியில் இருக்கும் பாறையைப் பாருங்கள். இம்மலையின் பாறைப்பரப்பு வெயிலிலும் மழையிலும் தகடு தகடாக உரியும் இயல்புடையது. அந்தத் தகடுகளைப் பெயர்த்தெடுத்துத்தான் பக்கப் பலகைகளையும் மூடுகல்லையும் அமைத்திருக்கின்றனர். பலகையின் தடிமனை அருகிலுள்ள பாறை விளிம்பின் தடிமனோடு ஒப்பிட்டால், கல் எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதைப் பல நேரங்களில் ஊகிக்க முடியும். அடுத்து, வெளிப்புறத்தைச் சுற்றி வாருங்கள். சீட்டுக்கட்டு வீடுபோல் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதாக முதலில் தோன்றும். ஆனால் சிதையாத திட்டைகளில் பலகையின் அடியைச் சுற்றி உடைகற்களை அடுக்கி இறுக்கியிருப்பதைக் காணலாம், அந்த அடுக்கு கலைந்த இடத்தில்தான் பலகை சரிந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள் இருந்தால், நடுப்பலகை இரண்டுக்கும் பொதுவானதா, எந்த அறை முதலில் எழுந்திருக்கும் என்று யோசிப்பதும் பயன் தரும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, பலகையில் இடுதுளை எனப்படும் குடைந்த துளை உண்டா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் திட்டைகளிலும் துளை இராது. தரைக்கு மேல் எழுந்து நிற்பவை மட்டுமன்றி, மண்ணுக்குள் பலகைகளைப் புதைத்து அமைத்த பதுக்கைகளும் தாண்டிக்குடியில் உண்டு. மேல்விளிம்பு மட்டுமே வெளியே தெரியும் அவற்றைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் கண்டுகொள்வது எளிது.

அறைகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். புதையல் தேடியவர்கள் கலைத்தது ஒரு காரணம். உடலை முழுமையாக வைக்காமல், பிறகு திரட்டிய எலும்புகளில் சிலவற்றை மட்டும் வைக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது இன்னொன்று. தொல்லியலாளர் கா. ராஜன் தலைமையில் தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில் சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லாலான மணிகள் கிடைத்திருக்கின்றன என்பதால், தரையில் மின்னும் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தக் கண்டெடுப்பையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மட்கல ஓடு ஒன்று கிடந்தால், பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். இடம் பெயர்ந்த ஓடு ஆய்வாளருக்கு ஏறக்குறைய எதையும் சொல்லாது. மூடுகல்லின்மேல் ஏறி நிற்பதும், சுண்ணத்தால் பெயரெழுதுவதும் வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டியிருப்பதே வருத்தந்தான்.

பொழுது மிச்சமிருந்தால், அல்லது மறுநாள், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையினர் நடத்தும் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. அச்சபையைச் சேர்ந்த ஆங்லேட் பாதிரியார் இம்மலையின் திட்டைகளை அளந்து ஆராய்ந்து, நியூட்டன் என்பவரோடு சேர்ந்து எழுதிய அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பதா, திட்டைகளையா என்று கேட்டால், திட்டைகளையே முதலில் பார்க்கச் சொல்வேன்; வெற்று அறையின் அகலத்தையும் உயரத்தையும் நேரில் கண்டவருக்கே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழங்கலங்கள் எத்தகைய இடத்துக்கு உரியவை என்பது விளங்கும்.