நிலத்தில் பீரங்கி கிடைத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலேயர்கள் என்று நம் கடற்கரை நெடுகக் கோட்டைகள் இருந்தன. உள்ளே தள்ளிப் போனால் பாளையக்காரர்களின் மண்கோட்டைகள். 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பிறகு கும்பினியார் அவற்றில் பலவற்றை இடித்துத் தள்ளினார்கள். அதனால் கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ கனமான இரும்புக் குழாய் ஒன்று தட்டுப்பட்டால் அது பீரங்கியாக இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் கண்ட முதல் சில மணி நேரத்தில் நாம் செய்வதுதான் அந்தப் பீரங்கியின் கதை மிஞ்சுமா, வெறும் இரும்பு மிஞ்சுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஜேசிபி ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். டிரைவர் பக்கெட்டை அடியில் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிவிடுவார். இதைச் செய்யவே கூடாது. ஆறடி நீளமுள்ள வார்ப்பிரும்புப் பீரங்கி ஒரு டன் எடை வரலாம். சங்கிலி நழுவினால் ஆளுக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அது எந்த ஆழத்தில், எந்தத் திசை நோக்கி, எந்த மண் அடுக்கில், அக்கம்பக்கத்தில் எதனோடு கிடந்தது என்ற தகவலெல்லாம் ஒரே தூக்கில் அழிந்துபோகிறது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், நகரா என்ற ஊரில், 2018இல் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது திப்பு சுல்தான் காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. கிணற்றுச் சேற்றிலேயே வெடிமருந்து வாடை அடித்தது. தொல்லியல் துறையினர் ஆட்களை வைத்து முறையாகத் தோண்டித்தான் அந்த ராக்கெட்டுகளை வெளியே எடுத்தார்கள். அதையே லாரியில் அள்ளிக் கொட்டியிருந்தால் துருப்பிடித்த உருளைகளின் குவியல் என்பதற்கு மேல் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆகவே வேலையை நிறுத்துங்கள். கிடக்கும் நிலையிலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து.

வாய்க்குள் டார்ச் அடித்து எட்டிப் பார்ப்பது, கம்பியை விட்டுக் குடைவது, அடைப்பை எடுக்க வெல்டிங்காரரைக் கூப்பிடுவது ஆகியவை அடுத்த தவறு. பீரங்கிக்குள் மருந்து கெட்டித்த நிலையிலேயே இருக்கலாம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 2013இல் ஒரு பழைய பீரங்கியைத் துப்புரவு செய்தார்கள். 1780இல் மூழ்கிய ஹஸ்ஸார் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் பீரங்கி அது. பல ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்த பொருள்தான். துருவைச் சுரண்டிக்கொண்டு உள்ளே போனால் குண்டும், அதற்குப் பின்னால் 800 கிராம் அளவுக்கு வெடிமருந்தும்! போலீஸார் வந்து அதை அப்புறப்படுத்தினார்கள். கருமருந்து நனைந்திருக்கும்வரை சும்மா கிடக்கும்; காற்றுப் புகாமல் அடைபட்டுக் கிடந்து உலர்ந்தால் ஒரு தீப்பொறி போதும். பக்கத்தில் கிடக்கும் குண்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். கெட்டியான குண்டு வெறும் இரும்பு. உள்ளே குடைந்து மருந்து அடைத்த குண்டு அப்படியில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2008இல், உள்நாட்டுப் போர்க்காலக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் அது வெடித்து இறந்துபோனார். போர் முடிந்து 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. வாய்க்கு நேரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லி வெடிகுண்டு நிபுணர்களை வரவழைப்பதுதான் சரி.

நல்ல எண்ணத்தோடு செய்து கெடுப்பது ஒன்று உண்டு: சுத்தம் செய்வது. உப்பு மண்ணில் நெடுங்காலம் கிடந்த வார்ப்பிரும்பிலிருந்து இரும்பு கரைந்து போய்விடும். அதிலுள்ள கரிப்பொருள் மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். பார்வைக்கு முழுப் பீரங்கி, ஆனால் மேல்பகுதியைப் பேனாக் கத்தியால் கீறலாம். எழுத்து, முத்திரை, எண் எல்லாம் இருப்பது அந்த மெலிந்த தோலில்தான். கம்பி பிரஷ்ஷும் கிரைண்டரும் ஐந்து நிமிடத்தில் அதைத் தூளாக்கிவிடும். வெயிலில் காயவிடுவதும் கெடுதல்தான். உள்ளே ஊறிய உப்பு, காற்றுப் பட்டதும் புதுத் துருவைக் கிளப்பும். மேற்பரப்பில் மஞ்சள் பழுப்பாக நீர்த்துளிகள் கசியும், அப்புறம் தகடு தகடாக உரியும். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட இரும்பைக் காரக் கரைசலில் மூழ்கவைத்து, சில நேரம் மின்சாரம் செலுத்தி, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உப்பை வெளியேற்றுகிறார்கள். வீட்டில் நாம் செய்யக்கூடியது ஈரச் சாக்கைப் போர்த்தி, அதே மண்ணை மேலே தள்ளி நிழலில் வைத்திருப்பது மட்டும். வெண்கலப் பீரங்கியாக இருந்து வெளிறிய பச்சைப் பொடி உதிர்ந்தால் அதையும் தொடாதீர்கள். புளி போட்டுத் தேய்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

அடையாளம் காண்பதில் நடக்கும் குழப்பம் தனி. ஆங்கிலேயப் பீரங்கியின் மேல் 18-2-14 என்பதுபோல் மூன்று எண்கள் வெட்டியிருக்கும். தேதி என்று நினைத்துக்கொண்டு, இத்தனாம் ஆண்டுப் பீரங்கி என்று செய்தி பரப்பிவிடுகிறார்கள். அது எடை. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், ஒவ்வொன்றும் 112 ராத்தல் (பவுண்டு). நடு எண் அதில் கால் பங்கு, அதாவது 28 ராத்தல். கடைசி எண் மிச்ச ராத்தல். கூட்டினால் 2,086 ராத்தல், ஏறத்தாழ 946 கிலோ. நடு எண் 3ஐயும் கடைசி எண் 27ஐயும் தாண்டாது. தாண்டினால் அது இந்த முறை எடையாக இருக்க முடியாது. இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகளின் முகப்பையும் பாருங்கள். ஸ்காட்லாந்தின் காரன் ஆலை தன் பெயரையும் ஆண்டையும் அங்கேதான் பொறித்தது. VOC என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பின்னிய முத்திரை டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியுடையது. கிரீடத்துடன் அரசரின் பெயரெழுத்து இருந்தால் எந்த நாட்டு அரசர் என்று தேட வேண்டும். வாயின் உள்விட்டமும் பேசும்: சுமார் 5.8 அங்குலம் என்றால் 24 ராத்தல் குண்டு, 3.7 என்றால் 6 ராத்தல். துரு ஏறிய வாயில் அளவு குறைந்து காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எழுத்தே இல்லாவிட்டால் மதிப்பில்லை என்று முடிவுகட்டுவதும், பீரங்கி என்றாலே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைப்பதும் எனக்கு வருத்தம் தருகிற தவறுகள். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருப்பது ஏறத்தாழ 25 அடி நீளம், 20 டன்னுக்கு மேல் எடை. நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளை அடுக்கி, மேலே வளையங்களை ஏற்றி, உலைச் சூட்டில் அடித்து இணைத்துச் செய்தது. வார்ப்பே கிடையாது. உங்கள் நிலத்தில் கிடைத்ததிலும் மேலே வளையம் வளையமாகத் தெரிந்து, உட்சுவரில் நீளவாக்கில் இணைப்புகள் இருந்தால் அது நம் கொல்லர்களின் கைவேலையாக இருக்கக்கூடும். அதைக் காயலான் கடையில் கிலோ கணக்குக்குப் போடுவது பெரிய இழப்பு.

சரி, விலை? வெளிநாட்டு ஏலத்தில் இவ்வளவுக்குப் போனது என்று இணையத்தில் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 100 ஆண்டைத் தாண்டிய தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தரவில்லை. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை. தொல்பொருள் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். "பட்டா என் பேரில் இருக்கு, அப்ப இதுவும் எனக்குத்தான்" என்பதும் செல்லாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளானாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டுவரை சிறை, பங்கும் போய்விடும். உரிமை கோர வேறு யாரும் இல்லையென்று முடிவானால், தனி ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால், நில உரிமையாளருக்குக் கால் என்று சட்டம் பங்கு பிரிக்கிறது. ஆனால் ஆட்சியர் அதை அரசுக்காக எடுத்துக்கொள்ளலாம். அப்போது கிடைப்பது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். இந்த ஏற்பாடு கண்டெடுத்தவருக்கு நியாயமாக இல்லை என்பது என் கருத்து. அதுவே பலரை ஒளிக்கத் தூண்டுகிறது. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான்.

நடைமுறையில் வி.ஏ.ஓ.விடம் சொன்னால் தாசில்தார் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தகவல் போகும். வாயால் சொன்னதோடு நிற்காதீர்கள். கிடைத்த தேதி, சர்வே எண், ஆழம், பொருளின் அளவு ஆகியவற்றை எழுதி, படங்களை இணைத்து, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பீரங்கியை எடுத்துப் போகும்போது யார், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று எழுதிக் கையொப்பம் கேளுங்கள். அருங்காட்சியகத்தில் வைத்தால் ஊர்ப் பெயரையும் பலகையில் போடும்படி அந்த மனுவிலேயே ஒரு வரி சேருங்கள்.