சங்கத்துக்கு ஈமெயில் குரூப் போடுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஏதாவதொரு சங்கத்திலாவது இல்லாத தமிழரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலைப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கக் கொழும்புக் கிளைகள், ஊர் நலன்புரிச் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள், வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் குடியிருப்பாளர் குழுக்கள் என்று எத்தனையோ. எல்லாவற்றுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, சிலவற்றுக்கு வைபரும் உண்டு. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே யாப்புத் திருத்த வரைபு காணாமல் போன பிறகுதான் யாராவது, "ஒரு ஈமெயில் குரூப் போடுவம்" என்பார்கள்.

நல்ல யோசனைதான். நீளமாக எழுதலாம், பிறகு தேடி எடுக்கலாம், வெளிநாட்டில் இருப்பவர் ஆறுதலாக வாசித்துப் பதில் எழுதலாம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமே தமிழ்.நெட் என்ற மின்னஞ்சல் குழுவில் கூடியவர்களிடமிருந்து பிறந்ததுதான். ஆனால் சங்கங்கள் போடும் குழுக்களில் பல, முதல் மாதத்திலேயே படுத்துவிடுகின்றன. தொழில்நுட்பம் தெரியாததை நான் குறை சொல்ல மாட்டேன். திறக்குமுன் தீர்மானிக்க வேண்டிய நாலைந்து விஷயங்களை யாரும் தீர்மானிக்காமல் விடுவதுதான் காரணம்.

முதலாவது, வாட்ஸ்அப்பில் போடுவதையே இங்கும் போடுவது. ஒரே அறிவித்தல் இரண்டு இடத்தில் வந்தால் ஆட்கள் ஓரிடத்தை மறந்துவிடுவார்கள், மறப்பது எப்போதும் மின்னஞ்சலைத்தான். மண்டபம் மாறிவிட்டது, மரணச் சடங்கு இத்தனை மணிக்கு என்பதெல்லாம் வாட்ஸ்அப்புக்கு. கூட்ட அறிக்கை, கணக்கு, யாப்பு, கருத்துக் கேட்கும் விஷயங்கள் மின்னஞ்சலுக்கு. இதைச் செயற்குழு முதலிலேயே தீர்மானித்து இரண்டு வரியில் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, செயலாளரின் ஜிமெயிலில் எல்லா முகவரிகளையும் வரிசையாகப் போட்டு அனுப்பிவிட்டு, அதையே குழு என்று சொல்லிக்கொள்வது. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. மீறினால் அதிகபட்சம் ஒரு நாள் வரை எதுவும் போகாது. அது கூடப் பரவாயில்லை. ஒருவர் விலக விரும்பினால் எப்படி விலகுவார்? பழைய மடலுக்கு எல்லோருக்குமாகப் பதில் போடும் யாரோ ஒருவர், அவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பார். ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் கூகுள் குரூப்ஸ் இலவசம், அதில் ஒரு குழுவைத் திறக்கப் பத்து நிமிடம் போதும்.

திறப்பது யாருடைய பெயரில் என்பதில்தான் அடுத்த சிக்கல். பெரும்பாலும் விஷயம் தெரிந்த ஒரு தம்பி தன் சொந்தக் கணக்கில் திறந்து கொடுப்பார். இரண்டு வருடத்தில் அவர் கனடா போய்விடுவார், புதிய செயற்குழுவிடம் சாவி இருக்காது. சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு, உரிமையாளர்களாகக் குறைந்தது மூன்று பேர், கடவுச்சொல்லை மீட்கும் தொலைபேசி இலக்கம் யாருடையது என்ற குறிப்பு, இவை மூன்றும் வேண்டும். அந்தச் சங்கக் கணக்கைத் திறந்து பார்க்காமலே விட்டுவிடவும் கூடாது. இரண்டு வருடம் பயன்படாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கலாம். உறுப்பினர் பட்டியலின் பிரதி ஒன்றையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். யாகூ குரூப்ஸ் எத்தனையோ சங்கங்களின் வீடாக இருந்தது, 2020 டிசம்பர் 15 அன்று ஒரேயடியாக மூடிவிட்டார்கள்.

அப்புறம் குழுவின் அமைப்புகள் (செட்டிங்ஸ்). உரையாடல்களை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'இணையத்தில் எவரும்' என்று விட்டால், நன்கொடைக்காக நீங்கள் எழுதிய வங்கிக் கணக்கு இலக்கம் கூகுள் தேடலிலேயே வந்து நிற்கலாம். பார்ப்பது, எழுதுவது இரண்டும் உறுப்பினருக்கு மட்டும். சேருவது விண்ணப்பித்து, ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகு. உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பது நிர்வாகிகள் மட்டும்.

உறுப்பினர்களைச் சேர்க்கும்போது வருடாந்தப் பொதுக்கூட்ட வரவுத்தாளை எடுத்து, கேட்காமலே எல்லோரையும் உள்ளே போடும் வழக்கம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சங்கங்கள் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. ஒரு தேவைக்கென்று தந்த முகவரியை வேறு தேவைக்கு எடுக்கக் கூடாது என்ற அதன் அடிப்படையை மட்டுமாவது மதிக்கலாம். சட்டம் கிடக்கட்டும், கேட்காமல் சேர்க்கப்பட்டவர் விலகும் வழி தேடமாட்டார். 'ஸ்பாம்' என்று அழுத்திவிடுவார். பலர் அப்படி அழுத்தினால் மற்றவர்களுக்கும் உங்கள் மடல் குப்பைப் பெட்டிக்குள்தான் போகும். அழைப்பு அனுப்புங்கள். அழைப்பு வந்திருக்கிறது, ஸ்பாமையும் பாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். வரவுத்தாளிலுள்ள கையெழுத்தையும் நம்ப வேண்டாம். ஒன்று என்ற இலக்கமும் ஆங்கில 'எல்'லும் ஒன்றுபோலவே கிடக்கும், அடிக்கோடு தாளின் கோட்டோடு சேர்ந்து மறைந்துபோகும். திரும்பி வரும் முகவரிகளை ஒருவர் தொலைபேசியில் கேட்டுத் திருத்துவது ஒரு பின்னேர வேலை.

இனி, என் கணிப்பில் அதிகம் குழு உடைத்த விஷயம்: 'பதில்' என்று அழுத்தினால் அது யாருக்குப் போகிறது?

பொருளாளர் ஆண்டுக் கணக்கை அனுப்புகிறார் என்று வையுங்கள். ஒரு மூத்த உறுப்பினர் கைத்தொலைபேசியில் வாசித்துவிட்டுப் பதில் போடுகிறார்: "தம்பி, போன வருசம் மண்டபத்துக்குக் கட்டின அட்வான்ஸ் திரும்பி வந்ததோ?" அவருடைய நினைப்பில் அது பொருளாளருக்கு மட்டும். போனதோ இருநூறு பேருக்கு. டொரோண்டோவிலிருந்து ஒருவர், "நானும் இதைத்தான் கேக்க இருந்தனான்" என்கிறார். விடியும்போது பொருளாளரின் இராஜினாமாக் கடிதம் வருகிறது, அதுவும் எல்லோருக்குமே.

இதற்குப் பயந்து, பதிலானது முதல் மடலை எழுதியவருக்கு மட்டும் போகும்படி வைத்தால் வேறொன்று நடக்கும். கேள்வி கேட்டவருக்குப் பத்துப் பதில் தனியாக வரும், மற்றவர்கள் ஒன்றையும் காணமாட்டார்கள், குழு செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கலந்துரையாடத்தான் குழு என்றால் பதில் எல்லோருக்கும் போகட்டும். ஒவ்வொரு மடலின் அடியிலும் "நீங்கள் எழுதும் பதில் குழுவில் உள்ள அனைவருக்கும் போகும்" என்று ஒரு வரி தானாக வரும்படி வைக்கலாம், கூகுள் குரூப்ஸில் அதற்கு இடம் உண்டு. சந்தா நிலுவை, உதவித்தொகை கேட்பது போன்றவற்றுக்குக் குழு இடமே அல்ல, செயலாளரின் முகவரியைக் கொடுங்கள்.

இதோடு ஒட்டியதுதான் அனுதாப மடல். யாரோ ஒரு பழைய ஆசிரியர் காலமானார் என்று ஒரு செய்தி வரும். பின்னால் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று ஐம்பது மடல். தவறென்று சொல்லவும் முடியாது, தடுத்தால் மனம் நோகும். மரணச் செய்தியை நிர்வாகி மட்டும் போடுவது, அந்த ஒரு இழையில் மட்டும் பதிலை மூடிவிட்டுக் குடும்பத்தாரின் தொடர்பைக் கொடுப்பது, இதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. அடிக்கடி மடல் வருவது பிடிக்காதவர்களுக்குத் தொகுப்பாகப் பெறும் வழியும் இருக்கிறது, 25 மடல் வரை ஒன்றாகக் கட்டி வரும். அதைப் பலருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

எங்களுக்கே உரிய இன்னொரு பிரச்சினை பாமினி. கூட்ட அறிக்கைகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகிய செயலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேர்டில் அழகாகத் தெரிவதை அப்படியே பிரதியெடுத்து மடலில் ஒட்டினால், வாசிப்பவரின் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கஞ்சல்தான் தெரியும். பிடிஎப் ஆக்கி இணைத்தால் கண்ணுக்குத் தெரியும், தேடினால் அகப்படாது. மடல், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில்தான் என்று விதியிலேயே எழுதுங்கள். பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் தட்டச்சுச் செய்ய வராதவர் ஆங்கிலத்தில் எழுதட்டும், அதற்காக முகஞ்சுளிக்க வேண்டாம்.

ஆண்டு மலரை இணைப்பாக அனுப்புவதையும் விட வேண்டும். ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 எம்பி. கூகுள் டிரைவில் போட்டு அதன் இணைய முகவரியை (லிங்க்) மட்டும் அனுப்புங்கள். பார்க்கும் அனுமதியைத் திறந்துவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அனுமதி கேட்டு வரும் மடல்களுக்கே ஒரு நாள் போய்விடும்.

கடைசியாக, திறப்பு விழா. இருநூறு பேரையும் ஒரே இரவில் அழைத்து, "அனைவரையும் வரவேற்கிறோம்" என்று ஒரு மடல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் குழு அங்கேயே நிற்கும். எழுதக்கூடிய பத்துப் பதினைந்து பேரை முதலில் சேர்த்து இரண்டு வாரம் கதைக்க விடுங்கள். பிறகு வருபவருக்கு உள்ளே ஏதோ நடப்பது தெரியும். முதல் பொது மடல் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். ஒன்றுகூடலைப் போயா விடுமுறையில் வைப்பதா, ஞாயிற்றுக்கிழமையிலா என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறக்காதவர்களும் எழுதுவார்கள். வெளிநாட்டிலும் உறுப்பினர் இருந்தால் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அனுப்புவது நல்லது. லண்டனில் அப்போது பிற்பகல், டொரோண்டோவில் காலை.

யாராவது விலகக் கேட்டால் ஏன் என்று கேட்காமல் அன்றைக்கே நீக்கிவிடுங்கள், விலகும் வழியைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.