தாத்தாவின் ஓராண்டுப் பூசைக்கு ஒரு நினைவுப் புத்தகம்: நாங்கள் போட்ட விதம்

தாத்தா போய் ஒரு வருடம் ஆனபோது, பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க 16 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டோம். எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். அதற்கப்புறம் சொந்தத்தில் நாலு வீட்டுக்காரர்கள் "எப்படிடா செஞ்ச?" என்று கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவைக்கிறேன். பூசைக் கருத்துக் கொடுப்பது, கல்லறைக்கு வெள்ளையடிப்பது, அதை மந்திரிக்க (ஆசீர்வதிக்க) சாமியாரை, அதாவது பாதிரியாரைக் கூப்பிடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். தேதி பெரிய வாரத்தில் (ஈஸ்டருக்கு முந்தின வாரம்) விழுந்தால் மட்டும் பங்குத்தந்தையிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள், பெரிய வெள்ளியன்று பூசையே கிடையாது.

படி 1: பேச்சைப் பிடியுங்கள்

முப்பதாம் நாளுக்கு ஆள் கூடும்போதே போனை ரெக்கார்டில் போட்டு காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். எல்லோரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள், பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "தங்கமான மனுஷன்" என்று வரும், அதோடு முடிந்தது. "எதுக்கெல்லாம் திட்டுவாரு?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோதுதான் அத்தை ஜெபமாலைக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு பத்திலும் 'அருள் நிறை மரியே' ஜெபத்தைப் பத்துத் தடவை சொல்லவேண்டும். மூன்றாவது பத்துக்கே தாத்தா தூங்கிவிடுவார், ஆனால் யாராவது ஒரு அருள் நிறை மரியே-வை விட்டுவிட்டால் கண்ணைத் திறக்காமலே "ஒம்பதுதான் ஆச்சு" என்பாராம்.

படி 2: ஜெபப் புத்தகத்தை உதறுங்கள்

எங்களுக்குக் கிடைத்தவை: ஒரு உரக்கடை ரசீது, வேளாங்கண்ணி பஸ் டிக்கெட் இரண்டு, கிழிந்த உத்தரியம் (பக்திக்காகக் கழுத்தில் போடுகிற துணித்துண்டு). கடைசி வெற்றுப் பக்கத்தில், கல்லறைத் திருநாளுக்கு வேண்டிக்கொள்ள இறந்தவர்கள் பெயர்களைப் பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார். அதில் இரண்டு பெயர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து அப்படியே போட்டோம். டைப் அடிக்காதீர்கள், கையெழுத்துதான் முக்கியம்.

படி 3: ஞானஸ்நானப் பதிவேடு

இங்கேதான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். ஆதாரில் பிறந்த தேதி ஒன்று, வாக்காளர் அட்டையில் வேறொன்று. இரண்டையும் நம்பவேண்டாம், கோவிலுக்குப் போங்கள். திண்டுக்கல் 2003ல்தான் தனி மறைமாவட்டம் ஆனது, அதற்கு முன் திருச்சி, அதனால் நான் திருச்சிக்கு ஓடப் பார்த்தேன். ஓடாதீர்கள். பதிவேடு இருப்பது பங்குக் கோவிலில். உங்கள் ஊர் அன்றைக்கு வேறொரு பங்கின் கிளைக்கிராமமாக இருந்திருந்தால் அந்தத் தாய்ப்பங்கில் தேடவேண்டும், இன்றைய பங்கில் அந்த வருடத்துக்கான ஏடே இருக்காது.

ஏடு கிடைத்தது, தாத்தா கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, அந்தக் காலத்துச் சாமியார்கள் லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். இராயப்பன் அங்கே பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், சூசை யோசேப்புஸ், சவரிமுத்து சவேரியுஸ். ஒரே ஆண்டில் நாலு யொவான்னெஸ் இருந்தால் அப்பா அம்மா பெயரை வைத்துப் பிடிக்கவேண்டும், அந்தப் பெயர்களும் லத்தீனில்தான் இருக்கும் என்பதால் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி என்று இரண்டு இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் திருமணக் குறிப்பு இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு எந்தக் கோவிலில் கல்யாணம் என்று எங்களுக்கு அதில்தான் தெரிந்தது. கேட்காமல் போட்டோ எடுக்கவேண்டாம், ஏட்டில் மற்ற குடும்பங்களும் இருக்கின்றன.

படி 4: படம், அச்சு

பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். வாசல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாதபடி எடுங்கள். ஸ்டுடியோக்காரரிடம் பின்னணியைத் தொடாதே என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை, தோளில் கிடந்த துண்டை அழித்து, பின்னால் மேகமும் புறாவும் போட்டுக் கொடுத்துவிட்டார். துண்டு இல்லாத தாத்தாவை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

டைப் செய்ய என் சிபாரிசு லிப்ரே ஆபிஸ், வேர்டில் படம் பக்கம் பக்கமாக ஓடுகிறது. அச்சகத்துக்கு பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். நாங்கள் முதலில் போன கடையில் பழைய எழுத்துருதான் இருந்தது, யூனிகோடு எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அப்படி மாட்டினால் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றியபின் ஒரு பிரதி தாளில் எடுத்து, கண் நன்றாகத் தெரிகிற ஒருவரை வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்காக இருக்கவேண்டும். கவிதை வேண்டாம். பெரியப்பா ஒன்று எழுதிக்கொண்டு வந்தார், அதைச் சமாளித்தது தனிக் கதை.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு செமினரியில் சாமியாருக்குப் படிக்கும் ஒரு தம்பி பதிவேட்டு வரியை அனுப்பச் சொன்னார். எங்கள் ஏட்டில் '8 - 7ப்ரிஸ்' என்று இருந்ததை ஏழாம் மாதம் என்று நினைத்து ஜூலை 8 என்று அச்சடித்துவிட்டோம். அது செப்டம்பராம். செப்தெம் என்றால் லத்தீனில் ஏழு, அதை எண்ணாகப் போட்டுச் சுருக்கி எழுதுவார்களாம். அப்படியே 8ப்ரிஸ் அக்டோபர், 9ப்ரிஸ் நவம்பர். "நான் மாதா பொறந்தநாளுக்குப் பொறந்தவன்டா" என்று தாத்தா வருடா வருடம் சொல்வார். வேளாங்கண்ணி போகக் காசு கேட்கத்தான் சொல்கிறார் என்று சிரித்திருக்கிறோம்.

200 பிரதியில் 160 போய்விட்டது. மீதி நாற்பதை மடியில் வைத்துக்கொண்டு அத்தை ஜூலையைப் பேனாவால் அடித்து, செப்டம்பர் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.